இடம் பார்த்துப் படியும் கொழுப்பு!

உடல் முழுவதும் ஓடுவது ஒரே ரத்தம். ஆனால், அதிலுள்ள கொழுப்பு ஒரு குழாயை அடைக்கிறது. பக்கத்துக் குழாயை விட்டுவிடுகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

1950-ம் ஆண்டு முதல் 1953 வரை கொரியாவில் பெரும் போர் நடந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள்.

மாண்டவர்களில் 300 பேருடைய இருதயங்களை அமெரிக்க ராணுவ டாக்டர்கள் அறுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் வாலிபர்கள். சராசரி வயது 22. நோயில் படுத்து இறந்தவர்கள் அல்ல, போர்க்களத்தில் விழுந்தவர்கள். பட்டாளத்தில் ஓடியாடித் திரிந்தவர்கள்.

இவர்களுடைய இருதயத்தில் என்ன கோளாறு இருக்கப் போகிறது?

இருந்தது! 100-க்கு 77 பேருடைய இருதய ரத்தக்குழாய்களில் கோளாறு தென்பட்டது. சிலருக்கு லேசான தடிப்பு. சிலருக்குக் குழாய் குறுகியிருந்தது. முழுவதும் அடைபட்டிருந்தவர்களும் உண்டு.

1953-ல் இந்தச் செய்தி வெளிவந்தது. மாரடைப்பு கிழவர்களின் நோய் என்ற எண்ணம் அன்றே ஆட்டம் கண்டது. நோய் வெளியே தெரிவது 50 வயதில் இருக்கலாம். ஆனால், அதன் விதை வாலிபத்திலேயே விழுந்துவிடுகிறது!

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பானையின் உள்ளே எண்ணெய் பூசியதுபோல், கொழுப்பு எல்லா இடத்திலும் சீராகப் படிவதில்லை. இடம் பார்த்துப் படிகிறது!

கைத்தடி போன்ற குழாய்

இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தை ஒரு பெரிய குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் குழாய் கட்டை விரல் பருமன் இருக்கும். அதற்கு 'பெருந்தமனி' என்று பெயர்.

பெருந்தமனி மேலே கிளம்பி, கைத்தடியின் பிடியைப்போல் வளைகிறது. பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. மார்பைத் தாண்டி வயிற்றுக்குள் வருகிறது. தொப்புளுக்கு அருகே இரண்டாகப் பிரிந்து, இரண்டு கால்களுக்கும் போகிறது. வழி நெடுகக் கிளைகள். மூளைக்கு ஒரு கிளை, கைக்கு ஒரு கிளை, சிறுநீரகத்துக்கு ஒரு கிளை.

இருதயத்துக்கும் ரத்தம் வேண்டுமே! பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் பிரிந்து இருதயத் தசைக்குப் போகின்றன. இவற்றின் உட்புற அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். ஊருக்கெல்லாம் சோறு போடும் இருதயம், தன் சாப்பாட்டுக்கு நம்பியிருப்பது இந்தச் சிறு குழாய்களைத்தான். இவற்றில் அடைப்பு விழுந்தால் மாரடைப்பு!

முயல் தின்ற கொழுப்பு

கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை முயலை வைத்துக் காட்டினார் ஒரு ரஷிய விஞ்ஞானி. அவர் பெயர் நிக்கோலாய் அனிச்கோவ். ஆண்டு 1913. இடம், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம்.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். அனிச்கோவ் அதைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். புல் தின்னும் பிராணி, கொழுப்பைத் தின்றது. முயலின் ரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறியது. பெருந்தமனியின் சுவரில் மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றின!

கொலஸ்டிரால் விஷம் அல்ல. உடலுக்கு அது தேவை. நம் ஈரலே அதைத் தயாரிக்கிறது. ஆனால், அது தண்ணீரில் கரையாது. எனவே புரதத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக ரத்தத்தில் மிதந்து போகிறது. இந்த உருண்டைகளில் ஒரு வகைதான் 'எல்.டி.எல்.' ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'கெட்ட கொழுப்பு' என்று டாக்டர் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

இந்த உருண்டைகள் குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கிவிட்டால் வந்தது வினை! அவற்றை அப்புறப்படுத்த வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. கொழுப்பை அள்ளி அள்ளி விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி, நுரை பொங்கியதுபோல் உப்பிப்போகின்றன. வந்த காவலாளியே குப்பையாகிவிடுகிறான்! இப்படிச் சேர்ந்ததுதான் அந்த மஞ்சள் திட்டு.

பிடித்த இடம், பிடிக்காத இடம்

ரத்தம் எல்லாக் குழாயிலும் ஓடுகிறது. கொழுப்பு உருண்டைகளும் எல்லாக் குழாயிலும் போகின்றன. ஆனால், அவை குடியேறுவது சில இடங்களில்தான்.

கொழுப்புக்குப் பிடித்த இடங்கள் இவை:

இருதயக் குழாய்கள் தொடங்கி முதல் இரண்டொரு அங்குலம். கழுத்தில், மூளைக்குப் போகும் குழாய் பிரியும் கவை. பெருந்தமனியின் வயிற்றுப் பகுதி. தொடையிலும் முழங்காலின் பின்புறமும் உள்ள குழாய்கள்.

பிடிக்காத இடங்களும் உண்டு. மார்பு எலும்பை ஒட்டி உள்புறமாக ஓடும் குழாயில் கொழுப்பு படிவது அபூர்வம். நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாயிலும் அப்படியே. அங்கே ரத்த அழுத்தம் மிகக் குறைவு. ஆனால், நோயினால் அங்கே அழுத்தம் ஏறிவிட்டால், கொழுப்பும் படியத் தொடங்குகிறது!

இருதயத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. இருதயக் குழாய் மேற்பரப்பில்தான் ஓடும். சிலருக்கு மட்டும், ஓரிடத்தில் தசைக்குள் புகுந்து மறுபடி வெளியே வரும். தசைக்குள் புகுந்த அந்தத் துண்டில் கொழுப்பு படிவதில்லை. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதியில் படிகிறது. ஒரே குழாய், ஓர் அங்குல இடைவெளி, இத்தனை வித்தியாசம்!

வாய்க்கால் சொல்லும் பாடம்

இதற்கு என்ன காரணம்?

'ரத்தம் வேகமாக மோதும் இடத்தில் சுவர் புண்ணாகும். அங்கேதான் கொழுப்பு படியும்' என்று பல விஞ்ஞானிகள் நினைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றியது.

1969-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் கேரோவும் அவருடைய கூட்டாளிகளும் இதை மறுத்தார்கள். 'வேகமாக உரசும் இடத்தில் அல்ல, மெதுவாக உரசும் இடத்தில்தான் கொழுப்பு படிகிறது' என்றார்கள்.

வாய்க்காலைப் பாருங்கள். தண்ணீர் நேராக, வேகமாக ஓடும் இடத்தில் வண்டல் தங்குவதில்லை. வளைவின் உட்புறம், நீர் தயங்கித் தேங்கும் இடத்தில் வண்டல் சேர்கிறது. ரத்தக்குழாயிலும் ஏறக்குறைய இதே கதைதான்!

கழுத்துக் குழாய் இதற்கு நல்ல உதாரணம். தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மூளைக்கு, மற்றது முகத்துக்கு. மூளைக்குப் போகும் குழாயின் அடிப்பகுதி சற்றுப் புடைத்திருக்கும். ரத்தம் பாய்ந்து வந்து கவையின் நடுவில் மோதுகிறது. அங்கே கொழுப்பு அதிகம் இல்லை. எதிர்ப்புறம், புடைப்பின் வெளிச்சுவரில் ரத்தம் மெதுவாக ஓடுகிறது. முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. கொழுப்பு அங்கேதான் குவிகிறது! 1983-ல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள்.

ஆனால், கொழுப்பு என்பது வெறும் வண்டல் அல்ல. குழாயும் வெறும் மண்கரை அல்ல. அது உயிருள்ள சுவர்!

குழாயின் உட்புறம் ஒரே ஒரு வரிசைச் செல்கள் பாய் விரித்ததுபோல் படிந்திருக்கின்றன. செல் என்பது உடலைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய செங்கல். நேரான இடத்தில், ரத்தத்தின் உரசலை உணர்ந்து இந்தச் செல்கள் ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு படுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது குழாயைத் தளர்த்துகிறது. வெள்ளை அணுக்கள் ஒட்டாமல் காக்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தம் தயங்கும் இடத்திலோ, செல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. காவல் வேலை குறைகிறது. வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் வேலை கூடுகிறது.

குழாயை இடம் மாற்றினார்கள்!

சரி, எல்லாம் ரத்த ஓட்டத்தின் குற்றம்தானா? சுவருக்கு எந்தப் பங்கும் இல்லையா?

நியூயார்க்கில் ஹென்றி ஹைமோவிசி என்ற ரத்தக்குழாய் ஆபரேஷன் நிபுணர் இருந்தார். அவரும் நார்மன் மையர் என்ற டாக்டரும் ஒரு துணிச்சலான பரிசோதனை செய்தார்கள். அதன் முடிவு 1964-ல் வெளிவந்தது.

நாய்க்குக் கொழுப்பு கொடுத்தால் முயலைப்போல் எளிதில் குழாய் கெடாது. தைராய்டு சுரப்பியின் வேலையையும் மருந்தால் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால், நாயின் பெருந்தமனியில் வயிற்றுப் பகுதி கடுமையாகக் கெடுகிறது. மார்புப் பகுதி அவ்வளவாகக் கெடுவதில்லை.

ஹைமோவிசி என்ன செய்தார் தெரியுமா? வயிற்றுப் பகுதிக் குழாயில் ஒரு துண்டை வெட்டி மார்பில் தைத்தார். மார்புப் பகுதித் துண்டை வயிற்றில் தைத்தார். ஓட்டம்தான் காரணம் என்றால், மார்புக்குப் போன வயிற்றுத் துண்டு தப்பிக்க வேண்டும். வயிற்றுக்கு வந்த மார்புத் துண்டு கெட வேண்டும்.

நடந்ததோ வேறு! மார்புக்குப் போன வயிற்றுத் துண்டு அங்கேயும் கெட்டது. வயிற்றுக்கு வந்த மார்புத் துண்டு அங்கேயும் தாக்குப் பிடித்தது. ஊர் மாறியும் குணம் மாறவில்லை!

பெருந்தமனி பார்வைக்கு ஒரே குழாய். ஆனால், கருவிலேயே அது பல இடத்துச் செல்கள் சேர்ந்து உருவானது. வளைவுப் பகுதியின் தசைச் செல்கள் ஒரு வம்சம். கீழே இறங்கும் பகுதியின் செல்கள் வேறு வம்சம். கொழுப்பை ஏற்பதிலும், வைத்துக்கொள்வதிலும், வெளியேற்றுவதிலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு சுபாவம்.

வருபவர் பலர், தங்குபவர் சிலர்

அந்தச் சுபாவம் என்ன? 1989-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷ்வென்கே, கேர்யூ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முயல்களில் அதைத் துருவிப் பார்த்தார்கள்.

கெடும் இடத்தில் கொழுப்பு உருண்டைகள் அதிகமாக நுழைகின்றனவா என்று முதலில் பார்த்தார்கள். இல்லை. நுழைவதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. வித்தியாசம் தங்குவதில் இருந்தது! நல்ல இடத்தில் நுழைந்த உருண்டை வெளியே போய்விடுகிறது. கெடும் இடத்தில் நுழைந்தது சுவரிலேயே சிக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் திட்டு எதுவும் தெரிவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது.

சத்திரத்துக்குப் பலர் வருவார்கள், போவார்கள். கஷ்டம் வருவது, வந்தவர் போகாமல் உட்கார்ந்துகொள்ளும்போதுதான்!

சிக்க வைப்பது எது? சுவருக்குள் சர்க்கரையும் புரதமும் கலந்த பிசின் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. எல்.டி.எல். உருண்டை அதில் ஒட்டிக்கொள்கிறது. கெடும் இடங்களில் சுவரின் உட்பக்கம் சிறு வயதிலேயே சற்றுத் தடித்திருக்கும். அங்கே இந்தப் பிசினும் அதிகம். 2002-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள், இந்தப் பிசினில் ஒட்ட முடியாத எல்.டி.எல். உருண்டைகளைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்தச் சுண்டெலிகளுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது!

நோய் அண்டாத குழாய்

இந்த ஓரவஞ்சனையே மனிதனுக்கு ஒரு வழியும் காட்டியது.

மார்பு எலும்பின் உள்புறம் ஓடும் குழாயில் கொழுப்பு படிவது அபூர்வம் என்று பார்த்தோம். அதன் சுவரில் உள்ள மீள்சவ்வில் ஓட்டைகள் குறைவு. நைட்ரிக் ஆக்சைடும் அங்கே தாராளமாகச் சுரக்கிறது. 'இந்த நல்ல குழாயையே இருதயத்தில் இணைத்தால் என்ன?' என்ற யோசனை பிறந்தது.

1964-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி லெனின்கிராடில் அதைச் செய்து காட்டினார் வசிலி கோலசோவ் என்ற ரஷிய டாக்டர். மார்புக் குழாயின் கீழ் நுனியை வெட்டி, இருதயக் குழாயில் அடைப்புக்கு அப்பால் தைத்தார். துடித்துக்கொண்டிருந்த இருதயத்தில் தைத்தார்!

1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வேலை செய்த அர்ஜென்டினா டாக்டர் ரெனே ஃபவலோரோ வேறு வழியைக் கையாண்டார். காலிலிருந்து சிரை ஒன்றை எடுத்து இருதயத்தில் மாற்று வழியாகத் தைத்தார். சிரை என்பது அசுத்த ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். காலில் அது நீளமாகக் கிடைக்கும். எடுப்பதும் எளிது. இந்த 'பைபாஸ்' ஆபரேஷன் உலகெங்கும் பரவியது.

காலில் இருந்தவரை அந்தச் சிரையில் கொழுப்பு படிந்ததே இல்லை. இருதயத்துக்கு வந்தவுடன் கதை மாறியது! அழுத்தம் கூடியது, சுவர் தடித்தது, கொழுப்பு படிந்தது. 10 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைகள் அடைத்தன அல்லது கெட்டன. மார்புக் குழாய்களிலோ 10-க்கு 9 திறந்தே இருந்தன.

1986-ல் கிளீவ்லாந்து டாக்டர்கள் கணக்கு வெளியிட்டார்கள். மார்புக் குழாய் வைத்தவர்களைவிட, சிரை மட்டும் வைத்தவர்கள் 10 ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம் 1.6 மடங்கு என்று தெரிந்தது. அதன் பிறகு, இருதயத்தின் முன்புறக் குழாய்க்கு மார்புக் குழாயைத் தைப்பதே வழக்கமாகிவிட்டது.

எந்த இடம்? எந்த நோய்?

கொழுப்பு இடம் பார்த்துப் படிவதால், நோயும் இடத்துக்கு ஒன்றாக வருகிறது.

இருதயக் குழாயில் என்றால் நெஞ்சு வலி. மார்பில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தும். இடது கைக்கும் தாடைக்கும் பரவலாம். வியர்த்துக் கொட்டலாம். 'வாயுவாக இருக்கும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழுத்துக் குழாயில் என்றால் வாய் கோணலாம், பேச்சு குழறலாம், ஒரு கை விளங்காமல் போகலாம். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அலட்சியம் கூடாது. பெரிய பக்கவாதம் வரப்போகிறது என்ற எச்சரிக்கை அது.

கால் குழாயில் என்றால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி போய்விடும். மறுபடி நடந்தால் வலிக்கும். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தில் அடைப்பு கண்டவருக்கு மற்ற இடங்களிலும் இருக்கக் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

நம் கையில் இருப்பது

52 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் ஒரு கவலையான விஷயம் தெரிந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாட்டவர்க்கு 59. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம் ஆகிய தெற்காசிய நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கோ 53! பிள்ளைகள் தலையெடுக்கும் முன்பே குடும்பத் தலைவர் விழுந்துவிடுகிறார்.

குழாயின் வளைவை நம்மால் நிமிர்த்த முடியாது. கிளையை ஒட்ட முடியாது. சுவரின் சுபாவத்தையும் மாற்ற முடியாது. ஆனால், அந்த இடத்துக்கு வரும் சரக்கைக் குறைக்கலாம். சுவரைப் புண்ணாக்கும் காரியங்களை நிறுத்தலாம்.

பீடி, சிகரெட்டை விட வேண்டும். புகை, சுவரின் காவல் செல்களைக் கெடுக்கிறது. ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் நுரையீரல் குழாயில்கூடக் கொழுப்பு படிவதைப் பார்த்தோம். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். நெய், வனஸ்பதி, பொரித்த பலகாரங்களைக் குறைக்க வேண்டும்.

தினமும் நடக்க வேண்டும். நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடுகிறது. தயங்கி நிற்கும் இடங்களிலும் உரசல் கூடுகிறது. தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் வண்டலைத் தங்கவிடாதல்லவா?

1970-களில் ஜப்பான் விஞ்ஞானி அகிரா எண்டோ, ஒரு பூஞ்சையிலிருந்து கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்தவைதான் 'ஸ்டாட்டின்' மாத்திரைகள். டாக்டர் கொடுத்திருந்தால் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

கொரியாவில் விழுந்த அந்த வாலிபர்களும் தங்கள் உடம்பு நன்றாக இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். கொழுப்பு சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே, மாரடைப்பு வந்த பிறகு அப்பாவுக்குப் பத்தியச் சாப்பாடு போடுவதைவிட, மகன் வாலிபனாக இருக்கும்போதே வீட்டுச் சமையலைத் திருத்துவது மேல்!